நான் சாகடித்த அண்ணனுடன் நாலு நாள்

இங்கிலாந்திலிருந்து அண்ணன் வருகிறார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, நான் வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். திறந்ததை அப்படியே மூடிவிட்டேன். அவர் என் பெரியப்பாவின் மகன். வயது அறுபத்தெட்டு. லெஸ்டர் நகரத்தில் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். விமானம் என்றால் அவருக்கு நடுக்கம். எந்தக் காலத்திலும் கனடாப் பக்கம் வரமாட்டார் என்று நான் உறுதியாக நம்பியிருந்த ஒரே சொந்தக்காரர் அவர்தான். அந்த நம்பிக்கையில், இரண்டு வருடங்களுக்கு முன்பு நான் அவரைச் சாகடித்திருந்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் தொடங்கிவிட்டேன், முடிக்கத்தான் வேண்டும்.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் எனக்கொரு நண்பன் இருக்கிறான். நான் அகதியாக வந்து இறங்கிய முதல் இரண்டு வருடமும் அவனும் நானும் ஒரே அறையில் இருந்தோம். மெத்தையும் ஒன்றுதான். எனக்கு இரவு வேலை, அவனுக்குப் பகல் வேலை என்றபடியால் மெத்தைக்குச் சண்டை வந்ததில்லை. அவனுக்கு ஒரே மகள். அவளுக்குக் கலியாணம் பேசி முற்றானபோது, அவன் மனைவிக்கு உடன்பிறந்த ஆண்கள் யாரும் உயிரோடு இல்லாதபடியால், மாமன் முறைக்கு நின்று தேங்காய் உடைக்க என்னைக் கேட்டான்.

“டேய், நீதான் மாமன். பட்டு வேட்டியோடை வரவேணும், சொல்லிப்போட்டன்” என்றான். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

பிறகு மண்டபம் கிடைக்காமல் கலியாணம் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனது. தள்ளிப்போன அந்தக் கிழமைக்குத்தான் நானும் மனைவியும் கியூபாவுக்குப் போக முன்பே பதிவு செய்திருந்தோம். அதை விட்டிருக்கலாம். அல்லது அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு விடுமுறை என்று எனக்கு நானே வழக்காடிக்கொண்டேன். ஆனால் கடற்கரையில் மல்லாந்து கிடப்பதற்காக உன் மகளின் கலியாணத்துக்கு வரமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? வேலை, காய்ச்சல், பனி என்று சாட்டுகள் பல உண்டு. அவனோ வேலையிடத்துக்கே வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போகக்கூடியவன். எங்கள் ஆட்களிடம் மறுபேச்சில்லாமல் எடுபடுகிற சாட்டு ஒன்றே ஒன்றுதான். துடக்கு.

இந்தியத் தமிழர் தீட்டு என்பார்கள். தகப்பன் வழியில் ஒருவர் செத்தால் முப்பத்தொரு நாளைக்கு நாங்கள் கோயிலுக்கோ கலியாணத்துக்கோ போக முடியாது. வா என்று கேட்கிறவனும் இல்லை. ஆக எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டது. தாய் வழிச் சாவு காணாது, அதற்குத் துடக்குச் சில நாள்தான். இலங்கையில் ஆளைச் சாகடித்தால், செத்தவரின் அயல்வீட்டுக்காரன் இங்கே ஸ்காபறோவில் அடுத்த தெருவில் இருப்பான். யோசித்துப் பார்த்தேன். லெஸ்டர்தான் பாதுகாப்பான இடமாகத் தெரிந்தது.

“அண்ணை மோசம் போட்டார்ரா. நித்திரையிலை ஹார்ட் அற்றாக்” என்று போனில் சொன்னேன்.

மறுமுனையில் சத்தமில்லை. கலியாணத்துக்கு மாமன் இல்லாமல் போன கவலையாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது, ஒரு மனிதனுக்கு ஞாபகம் வரக்கூடாத நேரத்தில் வந்தது. அவன் கனடாவுக்கு வருகிற வழியில் ஏஜென்ற் கைவிட்டு இங்கிலாந்தில் நாலு மாதம் நின்றவன். நின்றது அண்ணனின் வீட்டில். அண்ணன் தன்னுடைய கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தான் நிலத்தில் படுத்தவர். அது எனக்குத் தெரியாத கதையல்ல. அவனே நூறு தரம் சொன்ன கதை.

ஒரு பொய்யை நிறுத்திவைக்க அதற்கு முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவன் அண்ணனின் பிள்ளைகளோடு பேச நம்பர் கேட்டான். அவர்கள் யாரோடும் கதைக்கிற நிலையில் இல்லை என்றேன். இணையத்தில் மரண அறிவித்தல் தேடியும் கிடைக்கவில்லை என்றான். அப்படி ஒன்றும் போடக்கூடாது என்று அண்ணன் முன்பே சொல்லிவைத்தவர் என்றேன். “அவர் அப்பிடித்தான், ஆர்ப்பாட்டம் பிடியாத மனுசன்” என்று அவன் தழுதழுத்தான். நாங்கள் கியூபாவுக்குப் போனோம்.

அவன் எங்கள் அஜின்கோர்ட் வீட்டுக்கு வந்தது முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகு. கையில் ஒரு பை நிறையப் பழங்கள். வாசலில் என் முகத்தைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டான். “என்னடா மச்சான், கவலையிலை கறுத்தெல்லோ போனாய்” என்றான். அது கியூபா வெயில். என் மனைவி அப்படியே குசினிக்குள் போனவள் தேத்தண்ணியோடுகூட வெளியே வரவில்லை. துடக்குக் கதை அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அவன் அழுதான். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அண்ணனின் பெயருக்கு மோட்ச அருச்சனை செய்ததாகவும், அண்ணன் வாங்கிக் கொடுத்த கோட்டோடுதான் ரொறன்ரோவில் முதல் பனியைக் கண்டதாகவும் சொன்னான். கடைசியில், துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது போட்டு வாறன், அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லக்கூடாது என்பதால், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனான். அவன் போனதும் மனைவி கேட்டது ஒன்றுதான். “உங்களுக்குச் சாப்பாடு இறங்குமோ?” இறங்கியது. அதுதான் இப்போதும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இந்த அண்ணன்தான் ஓகஸ்ற் மாதம் ஒரு வியாழக்கிழமை, தன் மகள் பரிசாகக் கொடுத்த ரிக்கற்றில், ஒரு சின்னப் பெட்டியோடு விமான நிலையத்தில் வந்து நின்றார். பயத்தைப் போக்க விமானத்தில் முழு நேரமும் தேவாரம் சொன்னாராம். நாலே நாள் நிற்பார். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி நாலு நாளைக்குத்தான் அவருடைய தக்காளிக்குத் தண்ணீர் விடுவாளாம்.

காரில் ஏறியதும் தன் விருப்பங்களைச் சொன்னார். ஸ்காபறோவில் ஒரு கொத்துரொட்டி. றிச்மண்ட் ஹில் பிள்ளையார். “பேந்து உவன், என்னோடை நிண்ட பெடியன், வெக்ஸ்போர்ட்டிலை எல்லோ இருக்கிறான்? அவனை ஒருக்காப் பாக்கவேணும்.”

“பாப்பம் அண்ணை. முதல்லை ஊரைச் சுத்திப் பாருங்கோ” என்றேன்.

ஊர் என்றால் எந்த ஊர்? எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு தமிழ்க் கடை வரும். நான் தமிழ் ஆட்கள் குறைவாக இருக்கக்கூடிய ரொறன்ரோவை வரைபடத்தில் தேடினேன். முப்பது வருடமாகக் கால் வைக்காத இடங்களுக்கெல்லாம் ரிக்கற் எடுத்தேன்.

அன்றைக்கே பின்னேரம் சி.என். டவர். அண்ணன் கண்ணாடித் தளத்தில் ஏற மறுத்து, ஓரத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கிழக்குப் பக்கம் காட்டி “உந்தப் பக்கமோ வெக்ஸ்போர்ட்?” என்று கேட்டார். தெரியாது என்றேன். இரவுச் சாப்பாட்டுக்கு அதற்குப் பக்கத்திலேயே ஒரு மீன் கடை. எலுமிச்சம்பழம் பிழிந்த வெள்ளை மீனை அவர் மரியாதைக்காக முழுவதும் சாப்பிட்டார். அடுத்த நாள் நயாகரா, மனைவியும் வந்தாள். அருவியின் சாரலில் நனைந்த நீல மழைக்கோட்டோடு அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். “எங்கடை ஆக்கள் உங்கை லட்சக்கணக்கிலை எண்டாங்கள், ரெண்டு நாளாய் ஒரு தமிழ்ச் சொல்லுக் கேக்கேல்லையேடா” என்றார். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அருவி உறைந்திருக்கும்.

உண்மையில் அவருக்கு எல்லாவற்றிலும் பிடித்தது வீதியில் தண்டவாளத்தில் ஓடும் தெருக்கார்தான். மூன்றாம் நாள் காலையில் கிங் வீதியில் ஏறினோம். ஓட்டுநருக்குப் பின்னால் நின்று, அவள் எப்படி நிறுத்துகிறாள், எப்படிக் கதவைத் திறக்கிறாள் என்று கவனித்துக்கொண்டே வந்தார். “பாத்தியே, கிழவி இருந்தாப் பிறகுதான் எடுக்கிறாள். நானும் அப்பிடித்தான். பிந்தினாலும் பறவாயில்லை, ஆள் விழக்கூடாது” என்றார். இப்படியான மனுசனை நான் சாகடித்துவிட்டு ஊர் காட்டிக்கொண்டு திரிகிறேன் என்று அந்த நேரத்தில்தான் உறைத்தது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். இறங்குமிடம் வந்துவிட்டது.

ஏரியில் உள்ள தீவுக்குப் போகும் படகுக்கு நீண்ட வரிசை. அங்கேதான் பிடிபட்டேன். எனக்குப் பின்னால் “என்ன அண்ணை, இந்தப் பக்கம்?” என்று ஒரு குரல். திரும்பினால், கோயிலில் காணும் ஒரு பெண், பிள்ளைகளோடும் ஐஸ் பெட்டியோடும். என் நண்பனின் தெருவில் இருப்பவள். அவன் வீட்டுக்கு வாரம் இரண்டு தரம் போய்வருகிறவள்.

“இவர் ஆர், சொந்தக்காரரோ?” என்று அண்ணனைக் காட்டிக் கேட்டாள்.

“இல்லை, இல்லை. முந்தி என்னோடை வேலை செய்தவர்” என்றேன்.

மடியில் கனம், வழியில் பயம் என்பதை நான் சின்ன வயதில் பாடமாக்கியிருக்கிறேன். அந்தப் பயம் ஒரு மனிதனை எவ்வளவு விரைவாகப் பேசவைக்கும் என்பது அந்த வரிசையில்தான் தெரிந்தது. அண்ணன் கை கூப்பி அவளுக்கு வணக்கம் சொன்னார். வேலை செய்தவர் மாதிரியே சொன்னார். படகில் அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தார். தீவில் வாத்துகளைப் பார்த்தோம், பூக்களைப் பார்த்தோம், ஐஸ்கிறீம் வாங்கினேன். அவருடையது கையில் உருகி வழிந்தது.

மாலை, கிங் வீதியில் ஒரு இத்தாலியச் சாப்பாட்டுக் கடை. வெளியே நடைபாதையோரம் மேசை போட்டிருந்தார்கள். தெருவின் மறுகரையில் யாரோ சக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பகல் வெளிச்சம் இன்னும் நிறைய இருந்தது. பாஸ்ராவைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பிள்ளையிடம் அண்ணன் மிளகாய்த்தூள்கூடக் கேட்கவில்லை. முள்ளுக்கரண்டியைத் தொடவும் இல்லை.

“உன்னட்டை ஒண்டு கேக்கிறன்” என்றார். “நான் பஸ் ஓட்டினவன் எண்டபடியாலோ?”

“என்ன அண்ணை?”

“அண்ணன் எண்டு சொல்ல உனக்கு வெக்கமாய் இருக்கு. அதுதான் ஆக்கள் இல்லாத இடமாய்ப் பாத்துப் பாத்துக் கூட்டிக்கொண்டு திரியிறாய். நான் விளங்காத ஆள் இல்லை. நீ பெரிய கொம்பனி, உன்ரை பழக்கங்கள் வேறை. முதலே சொல்லியிருந்தால் ஹோட்டலிலை நிண்டிருப்பன்.”

எவ்வளவு அமைதியாகச் சொன்னார். யாராவது என் கன்னத்தில் அறைந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நான் என் வெட்கத்தை மறைக்க ஓடிய ஓட்டத்தில், அவர் அதைத் தன்னுடைய வெட்கமாக எடுத்துச் சுமந்துகொண்டிருந்தார்.

“அண்ணை, உங்களைப் பற்றி எனக்கு வெக்கமில்லை” என்றேன். “நீங்கள் செத்துப்போனீங்கள்.”

இதைவிட நல்ல மாதிரிச் சொல்ல வழி இருந்திருக்கும். எனக்கு வரவில்லை. கியூபா, கலியாணம், துடக்கு எல்லாவற்றையும் பாஸ்ரா ஆறும்வரை சொல்லி முடித்தேன். அவர் முதலில் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“எப்பிடிச் செத்தனான்?”

“ஹார்ட் அற்றாக். நித்திரையிலை.”

“நோகாமலோ?”

“நோகாமல்.”

“பறவாயில்லை, நல்ல சாவுதான் தந்திருக்கிறாய்” என்று சொல்லி, முள்ளுக்கரண்டியை எடுத்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் நிறுத்தினார். “அவன் அழுதவனோ?”

“அழுதவன்” என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. கரண்டியைக் கீழே வைத்தார். “என்னைச் சாக்காட்டினது பறவாயில்லை. அவனை அழ வைச்சது பிழை. நாளைக்கு பிளேன் ஏற முந்தி நான் அவனைப் பாக்கவேணும்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு வெக்ஸ்போர்ட்டுக்குப் போனோம். போனில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றேன். அண்ணன் விடவில்லை. ஆனால் செத்தவர் திடீரென்று வாசலில் நின்றால் நண்பனுக்கு ஏதாவது ஆகிவிடும், நீங்கள் தனியாக முதலில் உள்ளே போய்ச் சொல்லுங்கள் என்று மனைவி காலையிலேயே சொல்லிவிட்டாள். அவள் சொன்னது அவனுடைய நெஞ்சுக்காக மட்டுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவன் இடுப்பில் சாரத்தோடு கதவைத் திறந்தான். “டேய், வாடா! இப்பத்தானோ வழி தெரிஞ்சது?” அவன் மனைவி மகளோடு நிற்கிறாளாம். மகளுக்கு ஆண்பிள்ளை பிறந்து இரண்டு கிழமை. பேரனின் படத்தைப் போனில் காட்டினான். நானும் பார்த்தேன். நிமிர்ந்தபோது சுவரைக் கண்டேன். அவனுடைய அப்பா, அம்மா படங்களுக்குப் பக்கத்தில், அதே அளவுச் சட்டத்துக்குள், அண்ணன். கறுத்தத் தலைமயிரோடு, லெஸ்டர் காலத்துப் படம். பக்கத்தில் நின்ற யாரையோ வெட்டி எடுத்திருந்தார்கள். அண்ணனின் தோளில் மட்டும் அந்த ஆளின் கை இருந்தது. அது இவனுடைய கை. படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தது.

“மச்சான், அண்ணை சாகேல்லை” என்றேன்.

அவன் என் தோளைத் தொட்டான். “எனக்கும் சிலநேரம் அப்பிடித்தான்ரா இருக்கும்” என்றான்.

ஆறுதல் சொல்கிறான்! எனக்கு அந்த இடத்திலேயே ஓடிவிடலாம் போல இருந்தது. “அப்பிடியில்லையடா. அவர் சாகேல்லை. நான் பொய் சொன்னனான். உன்ரை மகளின்ரை கலியாணத்துக்கு வராமல் விட... அவர் வெளியிலை காருக்குள்ளை இருக்கிறார்.”

அவன் முகம் மாறுவதை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. சன்னலால் எட்டிப் பார்த்தேன். செருப்புமில்லாமல் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு புல்லின் குறுக்கே ஓடினான். அண்ணன் காரிலிருந்து ஒரு காலை வெளியே வைக்க முன்பே அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துவிட்டான். முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். நான் உள்ளே, மாலை போட்ட படத்தோடு தனியாக நின்றேன். கழற்றவேண்டும் போல இருந்தது. அதைத் தொட எனக்கு என்ன உரிமை என்று விட்டுவிட்டேன்.

உள்ளே வந்ததும் அண்ணன் சுவரைப் பார்த்து, “உதிலை எனக்குத் தலைமயிர் இருக்கு, உதையே வைச்சிரு” என்றார். நண்பன் சிரிக்கவில்லை. “அண்ணை, குறை நினையாதேங்கோ. உயிரோடை இருக்கிற உங்களுக்கு நான் மோட்ச அருச்சனை செய்துபோட்டன். பாவமெல்லோ” என்று அவர் முன்னால் கைகூப்பி நின்றான். மன்னிப்புக் கேட்கவேண்டிய நான் சோபாவில் இருந்தேன். கேட்டவன் அவன்.

எங்களை விடவில்லை. குளிர்ப்பெட்டியிலிருந்து ரொட்டியும் ஆட்டுக்கறியும் எடுத்துச் சூடாக்கி, அண்ணனுக்காகக் கத்தியால் கொத்தினான். இரண்டு கையாலும் கொத்தும்போது பாத்திரம் அதிர்ந்தது. அண்ணன் மூக்கில் தண்ணீர் வர வரச் சாப்பிட்டார். நாலு நாளில் அவர் ருசித்துச் சாப்பிட்டது அந்த ஒரு நேரம்தான். இருவரும் லெஸ்டரைப் பற்றியே கதைத்தார்கள். குளிர், கட்டில், வாங்கிய கோட்டு. எனக்கும் ஒரு கோப்பை கொத்துரொட்டி வந்தது, நிறையவே போட்டிருந்தான். கறித்துண்டுகள் பெரிதாக இருந்தன. அது என்னை மன்னித்ததா, விருந்தாளிக்குச் செய்யும் கடமையா என்று தெரியாமல் மென்றுகொண்டிருந்தேன்.

ஒரு முறைதான் என் பக்கம் திரும்பினான். கோபமில்லை. கேட்கவேண்டிய ஒன்றைச் சரிபார்ப்பது போலக் கேட்டான்.

“அப்ப உங்களுக்குத் துடக்கு இல்லை.”

“இல்லை” என்றேன்.

“கடைசி நேரத்திலை ஆரைக் கேக்கிறது? மண்டபத்திலை தேங்காயை நானே உடைச்சன். பெத்த தேப்பனே உடைக்கிறதைப் பாத்துச் சனம் சிரிச்சது. அவன் பாவம், துடக்கிலை இருக்கிறான் எண்டு எல்லாருக்கும் சொன்னனான்” என்றான். பிறகு அண்ணனுக்குத் தண்ணீர் எடுக்க எழுந்து போனான்.

முப்பது வருடமாக என்னை டேய், வாடா, போடா என்று மட்டும் கூப்பிட்டவன் அவன். உங்களுக்கு என்றான். பன்மையில் குடும்பத்தைச் சொல்லியிருக்கலாம் என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன்.

விமானத்துக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்து, லெஸ்டர் நம்பரை அவரிடமே வாங்கித் தன் போனில் போட்டான். தரச்சொல்லி இனி என்னைக் கேட்கத் தேவையில்லை. அண்ணன் காரில் ஏறினார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, சொல்லவேண்டியதை வாய்க்குள் தேடிக்கொண்டு நின்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். “வாற மாதம் பேரனுக்கு முப்பத்தொண்டாம் நாள், துடக்குக் கழிவு. வாறதெண்டால் வாங்கோ. வராட்டில் வரேல்லை எண்டு சொல்லுங்கோ. ஆரையும் சாக்காட்டாதேங்கோ.”

இந்த முறை குடும்பத்தைச் சொல்லவில்லை, என்னைத்தான். நான் தலையாட்டினேன், மாமனாக வரச் சொன்ன அன்றைக்கு ஆட்டியதைப் போலவே. பிறகு அந்த வீட்டிலிருந்து போட்டு வாறன் என்று சொல்லாமல் படியிறங்கினேன்.